நான் சொன்ன 'ஆயித்து'

எங்கள் தெருவில் எனக்குப் பெயர் கிடையாது. ஆஸ்டின் டவுனில் ஏழு வருடமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறேன். ஆனால் பால்காரருக்கும் எதிர்வீட்டு வாட்ச்மேனுக்கும் நான் 'டி.என். காடி மேடம்'தான். தமிழ்நாட்டு எண் பலகை மாட்டிய வண்டிக்காரி என்று அர்த்தம். வண்டியை நகர்த்தச் சொல்வதென்றால் கீழே நின்று "டி.என்.! டி.என்.!" என்று கூப்பிடுவார்கள், நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். தெருவில் பாதி வீடுகளில் பேசுவது தமிழ்தான். ஆனால் அவர்கள் தாத்தா காலத்திலேயே வந்தவர்கள். அவர்கள் தமிழ் பேசும் பெங்களூர்க்காரர்கள், நான் வெறும் வெளியூர்க்காரி.

துபாயில் இருக்கும் என் தோழி இதைக் கேட்டால் சிரிப்பாள். "ரெண்டு மணி நேரத்துல கிருஷ்ணகிரி. இதுக்குப் பேரு வெளியூரா?" என்பாள். அவள் சொல்வதும் நியாயம்தான். நான் கடலைத் தாண்டவில்லை, மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத்தான் தாண்டினேன். அங்கே விசா கேட்பதில்லை, டோல் மட்டும் வாங்கிக்கொள்வார்கள். ஆனாலும் அந்தக் கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததும் நான் கொஞ்சம் முட்டாளாகிவிடுகிறேன். காய் வாங்கவும் ஆட்டோ பிடிக்கவும் நாற்பது கன்னடச் சொற்கள் போதும். சண்டை போடத்தான் முழு மொழி வேண்டும். அது என்னிடம் இல்லை.

அந்த நாற்பதில் ஒன்று 'ஆயித்து'. ஆபீசில் பக்கத்து மேசைக்காரர்கள் ஒவ்வொரு போனையும் "ஆயித்து, ஆயித்து" என்று சொல்லித்தான் வைப்பார்கள். நம் 'ஆச்சு'வின் உறவுக்காரச் சொல் என்பது தெரிந்தது. பேச்சு முடிந்தது, வைக்கிறேன் என்று அர்த்தம் போல என நானே முடிவு செய்துகொண்டேன். எங்கே சொன்னாலும் யாரும் திருத்தவில்லை. அதனால் சரியாகத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தம்பி பாபுவுக்காகத்தான் அதை வாங்கினோம். பாபுவுக்கு முப்பத்தொரு வயது. இருபது வயதில் மனம் கலங்கி, பல மருந்துகள் பலிக்காமல் போய், பெங்களூரில் ஒரு டாக்டரம்மா எழுதிய மாத்திரையில்தான் நிதானத்துக்கு வந்தான். அந்த மாத்திரைக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ரத்தத்தைப் பார்க்காமல் அவர் சீட்டு எழுத மாட்டார். அங்கே இருக்கும் ஒரே ஒரு நர்சைத் தவிர வேறு யாரையும் ஊசி போட பாபு விடமாட்டான். பஸ்ஸில் ஏற்றினால் கூட்டம் தாங்காமல் கத்துவான். எங்கள் அம்மா அப்பா போன பிறகு அவன் காவேரிப்பட்டணத்தில் சித்தி வீட்டில் இருக்கிறான். மாதம் ஒரு வியாழன் நான் போய் அழைத்து வந்து, ஞாயிறு கொண்டுபோய் விடுவேன். ஒருமுறை மாத்திரை நின்றுபோனபோது மூன்று நாள் காணாமல் போய், தருமபுரி பஸ் ஸ்டாண்டில் செருப்பில்லாமல் கிடைத்தான்.

வண்டியில் ஏறுவதற்கு அவனிடம் ஒரு முறை உண்டு. முன்னால் குனிந்து, எண் பலகையில் விரல் வைத்து, "டி.என். இருபத்தி நாலு" என்று தொடங்கிக் கடைசி எண் வரை படிப்பான். சரியாக இருந்தால் "நம்மளது" என்று சொல்லி ஏறுவான். இதனால்தான் எண்ணைக் கர்நாடகத்துக்கு மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்பது சட்டம்தான். போலீஸ் கை காட்டும்போதெல்லாம் "போன மாசம்தான் வந்தேன் சார்" என்று பொய் சொல்லியே காலத்தை ஓட்டினேன்.

போன செப்டம்பரில் பாபுவை விட்டுவிட்டுத் திரும்பும்போது சந்தாபுராவில் சூட்டு முள் சிவப்புக்கு ஏறியது. வீடு பக்கம்தானே என்று ஓட்டினேன். பானெட்டிலிருந்து வெள்ளைப் புகை வந்தது, வண்டி நின்றது. யாரோ தள்ளிக்கொண்டுபோய் மஞ்சண்ணா என்பவரின் ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். அங்கேயே பழுது பார்க்கும் எண்ணம் எனக்கில்லை. கிருஷ்ணகிரியில் பழனி அண்ணன் இருக்கிறார், எங்கள் வண்டியைப் பார்ப்பவர். பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு வண்டியை விட்டுவிடுவார், மீதியை மூன்று மாதத்தில் கொடுத்தால் போதும். டோ வண்டி வைத்து அவரிடம் கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தேன். மஞ்சண்ணாவிடம், "சும்மா பார்த்துச் சொல்லுங்க" என்று மட்டும் தமிழிலும் கையிலும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மீட்டிங்கில் இருக்கும்போது அவர் போன் செய்தார். மேலதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஹெட் பிச்பேக்கு. ஒளகடே நோட்பேக்கு. மாட்லா?"

எனக்குப் புரிந்தது 'மேடம்' மட்டும்தான். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று, "ஆயித்து, ஆயித்து" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

புதன் மாலை போனேன். இஞ்சினின் மேல்பாகம் தனியாகக் கழன்று, சாக்கின் மேல் கிடந்தது. பக்கத்தில் போல்ட்டுகள் ஒரு பெயின்ட் டப்பாவில். ஹெட் வளைந்துவிட்டது, கேஸ்கெட் போய்விட்டது, லேத் வேலை, புது ரேடியேட்டர், எல்லாம் சேர்த்து அறுபத்தெட்டாயிரம் என்றார்.

"யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?" என்று கத்தினேன்.

அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம். "நீவே ஆயித்து அந்த்ரல்லா மேடம்!" என்றவர், எனக்குப் புரியவில்லை என்று பார்த்து, தமிழுக்கு வந்தார். "ஹெட்டைப் பிரிச்சு உள்ள பாக்கணும், பண்ணட்டுமான்னு கேட்டேன். சரின்னு நீங்கதானே சொன்னீங்க? ரெண்டு தடவ சொன்னீங்க."

பெங்களூருக்கு வந்த இந்தப் பதினொரு வருடமாக நான் போனை வைக்கவில்லை, எல்லாரிடமும் எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் போனது.

அங்கே நின்றே பழனி அண்ணனுக்குப் போன் போட்டேன். பிரித்த வண்டியை அப்படியே ஏற்றி வரட்டுமா என்றேன். "ஒருத்தர் பிரிச்ச இஞ்சினை இன்னொருத்தர் மூட்டுறது இல்லம்மா. நாளைக்கு ஒரு சத்தம் வந்தா யார் பொறுப்பு? பிரிச்சவரையே மூட்டச் சொல்லு," என்றார். தொழில் நேர்மைதான். ஆனால் எனக்கு ஊர்க் கதவை யாரோ உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டது போல இருந்தது.

அறுபத்தெட்டாயிரத்துக்கு எங்கே போவேன்? மகளுக்கு இரண்டாம் டெர்ம் ஃபீஸ் அப்போதுதான் கட்டியிருந்தோம். நகை ஏற்கெனவே அடகில் இருந்தது. ஆபீசில் முன்பணம் கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் இல்லை என்று எந்த மொழியிலும் எனக்குத் தெரியும். பாதிக்கு வண்டியை விட மஞ்சண்ணா ஒப்பவில்லை. என்னை அவருக்குத் தெரியாதே, ஏன் விட வேண்டும்? கடைசியில் அவரே ஓர் ஆளைக் கூட்டி வந்தார். பிரித்த கூலி போக இருபத்திரண்டாயிரத்துக்கு வண்டி கைமாறியது.

என் கணவர் கணக்குப் போட்டார். "பாபுவைக் கூட்டிவர டாக்ஸிக்கு ஐயாயிரம். நாலு மாசத்துக்குக் காசு இருக்கு. அதுக்குள்ள எதாவது வழி பண்ணிக்கலாம்." அவர் கணக்கில் தப்பில்லை. ஆனால் எண் பலகையை அவர் யோசிக்கவில்லை, நான் யோசித்தேன். யோசித்தும் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தால் ஏறிக்கொள்வான் என்று நம்பினேன். சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்த அக்கா அல்லவா என்ற திமிர் கொஞ்சம் இருந்தது.

அடுத்த மாதத்து வியாழன் காலை கே.ஏ. எண் போட்ட வெள்ளை டாக்ஸியில் காவேரிப்பட்டணம் போய் இறங்கினேன். பாபு குளித்து, சட்டையின் மேல் பட்டன் வரை போட்டு, பையோடு வாசலில் நின்றிருந்தான். மாத்திரை நான்கு நாளைக்கு மட்டும் பாக்கி என்று சித்தி முந்தின நாளே சொல்லியிருந்தாள். அவன் நேராக வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்தான். விரல் வைத்தான்.

"கே.ஏ.," என்றான். விரலை எடுத்துவிட்டான். "நம்மளது இல்ல."

"பாபு, நம்ம வண்டி ரிப்பேர்டா. இன்னைக்கு மட்டும் இதுல போலாம் வா."

"நம்மளது இல்ல."

சித்தி கெஞ்சினாள். டிரைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டுப் பின்னால் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டான். ஒரு மணி நேரம் ஆனது. பலவந்தமாக ஏற்றலாம்தான், பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் தயாராகவே நின்றார்கள். அப்படி ஒருமுறை ஏற்றினால் பிறகு எந்த வண்டியிலும் அவன் ஏறமாட்டான். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

கடைசியாக அவன் முன்னால் போய் நின்றேன். "பாபு, என்னைப் பாரு. நான்தான்டா, அக்கா."

அவன் பார்த்தான். பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்றே அழைத்தவன், தெரியாத பெண்மணியிடம் பேசுவது போல மரியாதையாகச் சொன்னான்.

"நீங்க போங்க. எங்க அக்கா டி.என். இருபத்தி நாலுல வரும்."

சொல்லிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, தெருமுனையைப் பார்க்க ஆரம்பித்தான். நான் வண்டிப் பக்கம் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் ஆஸ்டின் டவுன்காரர், நல்ல மனிதர். நான் அழுவதைப் பார்க்காத மாதிரி கொஞ்சம் காத்திருந்து, பிறகு மெதுவாக, போகலாமா என்பதுபோல், "ஹோகோணா மேடம்?" என்று கேட்டார்.

"ஆயித்து," என்றேன்.