கலப்படம் செய்தது அக்கா அல்ல

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. வந்திருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் வணக்கம். புகழ்ந்து நாலு வரி எழுதி, படத்துக்கு மாலை போட்டு முடித்துவிடலாம். ஆனால் போன வருஷம் சாவு வீட்டிலேயே, பந்தலுக்குள் உட்கார்ந்தபடி, "கலப்பட எண்ணெ வித்த பொம்பளதானே" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று இந்த நினைவஞ்சலித் தாளில் அச்சில் போடுகிறேன், நின்று படியுங்கள்.

காலடிப்பேட்டையில் பிறந்தவர் அக்கா. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எட்டாவதோடு அக்காவின் படிப்பு நின்றது. என் படிப்பு அதற்கும் முன்னாலேயே நின்றது. பல வருஷம் துணிக் கம்பெனியில் தைத்தார். மாமா காலமான பிறகு, பெண்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பில் மரத்தூளிலிருந்து எண்ணெய் வடிக்கக் கற்றுக்கொண்டு, வீட்டுப் பின்புறத்தில் தொழிலைத் தொடங்கினார்.

தேவதாரு மரத்தை அறுக்கும்போது கொட்டும் தூள் மில்காரர்களுக்குக் குப்பை. அதை என் குட்டியானை லோடு வண்டியில் கொண்டுவந்து போடுவேன். பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் நீராவி தூளுக்குள் புகுந்து, குழாய் வழியே குளிர்ந்து சொட்டும். தண்ணீர்மேல் மிதக்கும் எண்ணெயை மட்டும் அக்கா பிரித்தெடுப்பார். மூட்டை மூட்டையாய்ப் போட்டாலும் சில புட்டிகள்தான் நிறையும். "இதுக்கோசரம் ஒரு மரம் சாவக் கூடாதுடா. அறுத்த மரத்துல சிந்துனது போதும்" என்பார். சந்தன எண்ணெய்தான் நல்ல விலை போகும் என்றவர்களை, "அந்த மரம் வளர்ற வரைக்கும் நீ உக்காந்துகினு இருப்பியா?" என்று கேட்டே விரட்டினார்.

நல்லெண்ணெயில் சில சொட்டு விட்டு, காசிமேட்டில் மீன் கூடை சுமக்கும் பெண்கள் தோளுக்கும் காலுக்கும் தேய்த்துக்கொள்வார்கள். பஞ்சில் நனைத்துத் துணி அலமாரியில் வைத்தால் பூச்சி அண்டாது. மணம் மனசை ஆற்றும். அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டார். பிள்ளைக்கு இளைப்பு என்று புட்டி கேட்டு வந்த தாயை, "இது மருந்து இல்லமே, வாசன. புள்ளய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு ஓடு" என்று ஆட்டோ பிடித்து அனுப்பினார்.

இனி, நடந்தது. ஒரு மழைக்காலத்தில் மில்லில் தூள் கிடைக்கவில்லை. துறைமுகத்துப் பக்கம், கப்பலில் சரக்கு வந்த மரப்பெட்டிகளை உடைத்துப் போட்டிருந்தார்கள். கேட்டதும் சும்மாவே கொடுத்தார்கள். பார்க்கத் தேவதாரு போலத்தான் இருந்தது. அதை அறுத்துத் தூளாக்கி, மூட்டை கட்டி, பழைய தூளோடு சேர்த்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. எண்ணெய் வடிந்து, விற்றும் போயிற்று. ஒரு வாரம் கழித்து என் வண்டியில் கிடந்த துண்டுப் பலகையை அக்கா கையில் எடுத்தார். அதில் கருப்பாய் ஒரு முத்திரை.

"இன்னாடா இது?"

"பொட்டிப் பலகக்கா. தூளு இல்லன்னு இத்தத்தான் அறுத்துப் போட்டேன். மரம்தானே?"

"பூச்சி வரக்கூடாதுன்னு மருந்தடிச்சு முத்திர குத்தி அனுப்புவானுங்கடா, கஸ்மாலம்! அத்தயா மனுசங்க தோள்ல பூசக் குட்த்தேன்?"

"எல்லாத்துக்கும் அடிக்க மாட்டாங்கக்கா."

"எதுக்கு அடிச்சான், எதுக்கு அடிக்கலன்னு உனுக்குத் தெரியுமா?"

தெரியாது.

மறுநாள் விடியலில் என்னையும் கூட்டிக்கொண்டு காசிமேட்டு மீன் ஏலக்கூட்டத்தின் நடுவே போய் நின்றார். "போன வாரம் எங்கிட்ட எண்ணெ வாங்குனவங்கள்லாம் திருப்பிக் குட்த்துருங்க! அதுல கலீஜு சேந்துபோச்சு, பூசாதீங்க!"

மீன் விற்கும் அம்மா ஒருவர் கூடையை இறக்கினார். "இன்னாமே, உன் யாவாரத்துக்கு நீயே சங்கு ஊதிகினு கீற?"

"உன் மீனு கெட்டுப்போனா சொல்லாம விப்பியா?"

"சொல்லிகினேதான் விப்பேன், கருவாடுன்னு!"

கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"எனுக்குத் தோளு வலி கொறஞ்சிதே, நான் தரமாட்டேன்" என்றார் இன்னொருவர்.

"கொறஞ்சாலும் குடு."

"சரி, யாரு கலந்தது?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "என் வூட்டு எண்ணெ. நான்தான் பதிலு" என்றார்.

எல்லாப் புட்டியும் திரும்பி வந்தது. கூடவே கலப்படக்காரி என்ற பெயரும் வந்து, உறவு வீடுகள் வரை போய்ச் சேர்ந்தது. "உண்மய சொல்லிடட்டுமாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "உன் பேரு கெட்டா எவன்டா லோடு தருவான்? போய் வண்டிய எடு" என்றார். அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

கடைசி மாதங்களில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி மருந்தைத்தான் வேளை தவறாமல் எடுத்தார். ஊருக்கே எண்ணெய் கொடுத்தவருக்கு அது உதவவில்லையே என்றும் பேசினீர்கள். மூச்சுக்கு உதவும் என்று அக்கா என்றைக்குச் சொன்னார்? சிதையில் சந்தனக் கட்டை வைக்கவில்லை என்று இன்னொரு குறை. வேண்டாம் என்று சொல்லிவைத்தவர் அவர். கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பியவன் நான். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

என் வருத்தம் வேறு. அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். அந்தத் தூளைக் கலந்தவன் நான், அவர் தம்பி. இனி அந்தச் சொல்லை யாரும் அக்காவின் பெயரோடு சேர்க்க வேண்டாம். என் வாசலுக்கு வந்து என் பெயரோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த காலடிப்பேட்டை அக்கம்பக்கத்தாருக்கும், சாவன்று வியாபாரத்தை விட்டுவிட்டு வேனில் வந்து இறங்கிய காசிமேட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தொழிலை இப்போது நான் நடத்துகிறேன். எண்ணெய் வேண்டுமென்றால் வாருங்கள். எந்த மில் தூள், என்ன மரம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் பதில் சொல்லத் திணறினால் புட்டியை அங்கேயே வைத்துவிட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போங்கள்.