செவலை ஏறாத படகு

எங்கள் தெருவில் மாடு வருவதற்கு முன்னால் வாசம் வந்துவிடும். ஈர வைக்கோலும் சாணமும் வியர்வையும் வாய்க்கால் சேறும் ஒன்றாகக் குழைந்த அந்த வாசம் கரையோரமாகக் காற்றில் ஏறி வந்து, உள்ளே பாடம் படிக்கிற மாதிரி பாசாங்கு செய்துகொண்டிருக்கும் என் மூக்கைத் தொடுகிற நேரத்தில், அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள்: "ஏய், கொடியில கெடக்குற துணிய எடு, கூட்டம் வருது!" கூட்டம் என்றால் எங்கள் ஊரில் மனிதர்கள் இல்லை. மனிதர்கள் எத்தனை பேர் சேர்ந்து வந்தாலும் யாரும் கொடித் துணியை எடுக்க மாட்டார்கள்.

டாலாவில், ஆற்றுக்குத் தென்கரையில், யாங்கோன் பட்டணத்தின் கட்டடங்களை எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஊர் அது. பர்மியர்கள் அதை "நுவாஸெய்" என்பார்கள், எங்கள் ஆட்கள் "மாட்டுத்துறை" என்பார்கள், வரைபடத்தில் இரண்டு பெயருமே இருக்காது. ஊர் என்பது ஆற்றையோ கோயிலையோ நம்பித் தோன்றும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்; எங்கள் ஊர் மாடு நின்ற இடத்தில் தோன்றியது. உள்ளே இருக்கும் வயல் ஊர்களிலிருந்து மாடுகளை நடத்திக்கொண்டு வருகிறவர்கள், ஆற்றில் தண்ணீர் ஏறிப் படகு கரையோடு அணையும்வரை அங்கே காத்துக் கிடக்க வேண்டும். காத்துக் கிடக்கிற மாட்டுக்கு வைக்கோல் வேண்டும், கயிறு வேண்டும், லாடம் வேண்டும். காத்துக் கிடக்கிற மனிதனுக்கு "லபெயே" என்கிற பால் தேநீர் வேண்டும், சாயங்காலமானால் அதைவிடக் காரமான ஒன்றும் வேண்டும். அலோன் துறையில் மூட்டை தூக்கி முதுகு போன எங்கள் கொள்ளுத் தாத்தா இக்கரைக்கு வந்து வைக்கோல் போட்டு விற்றார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர் கயிறு திரித்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு காளியம்மனுக்குத் தகரக் கூரை போட்டார்கள். அவ்வளவுதான் ஊர்.

ஊருக்குச் சம்பந்தமே இல்லாத அகலத்தில் ஒரு தெரு இருந்தது. இரண்டு லாரிகள் உரசாமல் போகலாம், ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு லாரி ஏது! வெளியூர்க்காரர்கள் வந்தால் இது என்ன ராஜவீதியா என்று கேலி பேசுவார்கள். எங்களுக்கு முன்னால் அந்தத் தெருவை மாடுகள் போட்டுவிட்டன, நாங்கள் மிச்சமிருந்த இடத்தில் ஒதுங்கி வீடு கட்டிக்கொண்டோம்.

எங்கள் ஊரில் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. அக்கரைக்குப் போகிற மாடு என்ன ஆகிறது? "உழவுக்குப் போகுதும்மா" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பட்டணத்தில் எந்த ரோட்டை உழுகிறார்கள் என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டு, அம்மாவிடம் வாயிலேயே ஒரு போடு வாங்கினேன். "அக்கரைப் பேச்சு இக்கரையில வேணாம்" என்றாள். தை மாதத்தில் மாட்டுப் பொங்கல் வைத்து, கொம்புக்கு வர்ணம் பூசி, கற்பூரம் காட்டி, தெருவில் விழுந்து கும்பிடுகிற ஜனம், மறுநாள் காலையில் வழக்கம்போலத் துறைக்குப் போய்க் கயிறு விற்கும். எனக்கு அப்போது அது விசித்திரமாகவே தெரியவில்லை.

இனிமேல் செவலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு எருது. தாயில்லாக் கன்றாக வந்ததை, கஞ்சியில் துணியை நனைத்து உறிஞ்சக் கொடுத்து நான்தான் வளர்த்தேன், அதனால் அதற்கு என்னைத் தவிர யாரையும் பெரிதாகப் பிடிக்காது. அப்பாவின் பெயர் முருகையா, தொழில் மாடு ஏற்றுவது. புது மாடுகள் தண்ணீரைப் பார்த்தால் மிரளும், பலகையைப் பார்த்தால் நின்றுவிடும், அடித்தால் ஆற்றில் விழும். அதற்கு அப்பா வைத்திருந்த வழி செவலை. "தொங்கான்" என்று சொல்லும் பெரிய மரப்படகைக் கரையோடு ஒட்டி நிறுத்தி, பின்பக்கம் ஒரு பலகை, முன்பக்கம் ஒரு பலகை போடுவார்கள். கழுத்தில் வெண்கல மணி கட்டிய செவலை, பின்பலகையில் நிதானமாக ஏறும். மணிச் சத்தத்தைக் கேட்டுக் கூட்டம் முழுவதும் அதன் பின்னாலேயே ஏறும். செவலை படகின் நீளத்துக்கும் நடந்து முன்பலகை வழியாகக் கரைக்கு இறங்கிவிடும். அது இறங்கிய உடனே இரண்டு ஆட்கள் மூங்கிலைக் குறுக்கே போட்டு வழியை அடைப்பார்கள். முன்பலகையின் அடியில் புண்ணாக்கு உருண்டையோடு நான் நிற்பேன். என்னைப் பார்த்துத்தான் அது அத்தனை மாடுகளையும் இழுத்துக்கொண்டு வந்தது. அதற்கு நான் தெரிந்தேன், அதன் பின்னால் வந்தவற்றுக்கு அதன் வால் தெரிந்தது.

மழை ஓய்ந்து, ஆனால் வானம் வெளுக்காமல் இழுத்துக்கொண்டிருந்த ஒரு பருவத்தில்தான் எல்லாம் கெட்டது. அந்த வருடம் மாடுகள் முன்பைவிட அதிகமாகவும் முன்பைவிட அமைதியாகவும் வந்தன. காகங்கள் கூட்டத்துக்குப் பின்னால் பறக்காமல் முன்னால் பறந்து வந்து எங்கள் கூரையில் உட்கார்ந்துகொண்டன. "எனக்கு மனசே சரியில்ல" என்று அம்மா காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு மனசு சரியில்லாத நாள் வாரத்தில் நான்கு உண்டு என்பதால் அப்பா கண்டுகொள்ளவில்லை.

அன்று தரகர் ஊ சேன் தொங்கானைக் கொண்டு வரவில்லை. எங்கள் துறையில் பெரும்பாலான மாடுகள் அவர் கைவழியாகத்தான் போகும். பர்மியர்தான், ஆனால் எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி எங்கள் தமிழிலேயே திட்டக் கற்றவர். அவர் கொண்டு வந்தது ஓர் இரும்புப் படகு. முன்னால் பெரிய கதவு. அது கீழே விழுந்தால் அதுவே பலகை, மேலே தூக்கினால் அதுவே சுவர். மூன்று தொங்கான் மாட்டை ஒரே தடவையில் அடைக்கலாமாம். ஊரே கைதட்டாத குறையாக வேடிக்கை பார்த்தது. நான் வழக்கம்போல உருண்டையை எடுத்துக்கொண்டு மறுபலகையைத் தேடிப் போனேன். அந்தப் பக்கம் பலகை இல்லை. வழியே இல்லை. வெறும் இரும்பும் அதற்கு அப்பால் ஆறும்தான்.

செவலை முன்னங்கால்களை இரும்பில் வைத்தது. டம்மென்று ஒரு சத்தம் உள்ளே போய்த் திரும்பி வந்தது. நின்றுவிட்டது. தலையை அந்தக் கோடிக்குத் தூக்கிப் பார்த்தது, அங்கே நான் இல்லை. கரையில் தப்பான இடத்தில் நின்றுகொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்பா தட்டிக் கொடுத்தார், கெஞ்சினார், வாலைத் திருகினார். அது அசையவே இல்லை. பின்னால் அத்தனை மாடுகளும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தெரு நிறைய, ஒரு சத்தமும் இல்லாமல் நின்றன.

அம்மன் குற்றம் என்றார் பூசாரி. ஆடிக்கூழ் ஊற்றாமல் விட்டோம் அல்லவா, அதுதான். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவிப் படகின் நான்கு மூலையிலும் வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், செவலை கற்பூரத் தட்டை முட்டித் தள்ளிவிட்டது. ஐயோ, அது போதுமே! ஊர் முகம் மாறிவிட்டது. "அங்க எறங்குறதுக்கு வழி இல்ல, அதான் அது ஏறல" என்று நான் கத்தினேன். சாமி காரியத்தில் சின்னப் பெண் பேச்சை யார் கேட்பார்கள்? என்னை இழுத்துப் பின்னால் விட்டார்கள்.

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. ஊ சேன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமலே சொன்னார்: "முருகையா, ஏறாத மாட்ட வச்சு நீ என்ன பண்ணப் போற? நாலு பேரா சேந்து அதையும் உள்ள தள்ளு. அது போனா மத்தது தானா போகும். இல்லன்னா சொல்லு, அடுத்த கூட்டத்த நான் வேற துறைக்கு ஓட்டிக்கிறேன்."

தேநீர்க் கடைக்காரர், கயிற்றுக்காரர், லாடக்காரர் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். கூட்டம் வராவிட்டால் அந்த ஊரில் அடுப்பு எரியாது என்பது எனக்கே தெரியும். நான் ஓடிப்போய்ச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். என் கன்னத்துக்குப் பக்கத்தில் அதன் நரம்பு துடித்தது. உள்ளே போனால் அது திரும்பி வராது. அக்கரைக் கேள்விக்கு அந்த நிமிடம் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

அப்பா என்னை விலக்கினார். தள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து செவலையின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்தார், தன் கையில் சுற்றிக்கொண்டார், லுங்கியை மடித்துக் கட்டினார், மணியை ஆட்டியபடி தானே இரும்புக்குள் நடந்தார்.

"இந்தாங்க! என்ன பண்றீங்க! உங்களத்தான்!" என்று அம்மா அலறினாள். மாடுகளுக்குச் செவலையும் ஒன்றுதான், அப்பாவும் ஒன்றுதான். மணி முன்னால் போனது, அவை பின்னால் போயின. அப்பா அந்தக் கோடியில் போய் முதுகை இரும்பில் சாய்த்து நின்றார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் மாடுகள் நிரம்பின. இறங்கி வருவதற்கு அவருக்கு மட்டும் வழி எங்கே இருக்கிறது? கதவைத் தூக்கினார்கள். ஆற்றின் நடுவில் போகும்வரை மணிச் சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு இயந்திரச் சத்தம் மட்டும்தான்.

அன்று பகல் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கயிற்றுக்காரர் மனைவி மொஹிங்கா என்கிற மீன்சாற்றுச் சேமியாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்க்காமல் போனாள். மாடு முட்டி ஆற்றில் விழுந்திருப்பாரா, மிதிபட்டிருப்பாரா என்று தெருவில் மெல்லப் பேசிக்கொண்டார்கள். மணி இல்லாத செவலை துறையிலேயே நின்றது. இழுத்தாலும் வரவில்லை.

சாயங்காலம் ஜனங்கள் போகிற படகில், எல்லோரும் இறங்கி முடிந்த பிறகு, ஒரு காலை இழுத்துக்கொண்டு அப்பா இறங்கினார். பாதத்தில் குளம்பு பதிந்து கருத்திருந்தது. கையில் மணி இல்லை. அம்மா அழுதுகொண்டே அவரைத் திட்டினாள், திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். குளித்தார், மறுபடியும் குளித்தார். அப்புறம் செவலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, எங்களிடம் இல்லை, அதனிடம் சொன்னார்:

"வாசல் வரைக்கும் எம் பின்னாடியே வந்துச்சுங்க. நான் ஒதுங்கி நின்னேன். அதுங்க என்னையப் பாத்துக்கிட்டே உள்ள போச்சுங்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. மாடு ஏற்றுவதை விட்டுவிட்டு வைக்கோல் கட்டினார், அப்புறம் ஸைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா மிதித்தார். ஏற்ற ஆளில்லை என்றானதும் ஊ சேன் சொன்னபடியே கூட்டத்தை வேறு துறைக்குத் திருப்பிவிட்டார். முதலில் லாடக் கடை மூடியது, பிறகு கயிற்றுக் கடை, பிறகு தேநீர்க் கடை. ஒரு மாட்டுக்காக ஊரையே கெடுத்தான் என்று அப்பாவின் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஏனென்றால் அன்றிலிருந்து அப்பா யாருக்கும் முன்னால் நடந்ததே இல்லை. கடைத்தெருவானாலும் கோயிலானாலும் எங்களை முன்னால் விட்டு, தான் கடைசியில் வருவார். என் கல்யாண ஊர்வலத்தில் மேளக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப் போனார்கள். மனுஷன் முன்னால் வரவே இல்லை. எனக்கு அன்று கோபம் கோபமாக வந்தது.

செவலை கிழமாகி எங்கள் கொல்லையிலேயே செத்தது. ஸைக்கா மணி கேட்டால் கடைசிவரைக்கும் காதை நிமிர்த்தும்.

இன்று அந்தத் தேநீர்க் கடை இல்லை, தகரக் கோயில் இல்லை, அப்பா அம்மா இல்லை. வைக்கோல் வாசம் எப்படியிருக்கும் என்று கேட்டால் என் மகளுக்குச் சொல்லத் தெரியாது. பர்மியில் கேட்டாலும் தெரியாது. ஆற்றுக்கு மேல் பாலம் வருகிறது என்பதால் எங்கள் நிலத்துக்குத் திடீரென்று மதிப்பு வந்துவிட்டது. எங்கள் தெருவிலேயே பிறந்த பையன், கயிற்றுக்காரர் பேரன், இப்போது நிலத் தரகன். பெயர் கோ மின் மின். வீடு வீடாக வந்து, உள்ளே தள்ளி ஓர் இடத்தில் புது வீடு தருகிறார்கள், எல்லோரும் கிளம்பலாம் என்று அவன்தான் பேசினான். எங்கள் பையன் பேசினால் ஊர் கேட்காதா? "பயப்படாதீங்க அக்கா, நான் முன்னாடி போறேன், நீங்கல்லாம் பின்னாடி வாங்க" என்றான்.

எனக்கு உள்ளங்கையில் புண்ணாக்கு ஒட்டின மாதிரி இருந்தது. "அங்க உன் வீடு எந்தத் தெருப்பா?" என்று கேட்டேன்.

"எனக்கா?" என்று சிரித்தான். "நான் பட்டணத்துல, தாகேதாவுலயே வாங்கிட்டேனே அக்கா."

போன வாரம் முதல் வரிசை வீடுகள் கிளம்பின. அலமாரி, பாய், சாமி படம், கோழிக்கூடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு லாரிகள் தெரு நிறைய நின்றன. இத்தனை காலத்துக்குப் பிறகு அந்த அகலம் மறுபடியும் பயன்பட்டது. கோ மின் மின்னின் வெள்ளைக் கார் முன்னால் நின்று ஹாரன் அடித்தது, லாரிகள் ஒவ்வொன்றாக அதன் பின்னால் நகர்ந்தன. லாரி மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எனக்குக் கையாட்டினார்கள். நான் வாசலிலேயே நின்று பார்த்தேன். தெருக்கோடியில் வழி பிரிகிற இடம் வந்ததும் வெள்ளைக் கார் பட்டணத்துப் படகுத் துறைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. லாரிகள் நேராகப் போயின.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.