ஒன்பது வருடப் பழைய கைதட்டல்

சென்ற ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூருக்கு ரயில் ஏறினேன். வீரராகவரைச் சேவிக்க அல்ல, ஒரு ஸ்பூல் டேப்பைத் தேடி. ஒன்பது வருடங்களுக்கு முன், 1968-இல், சென்னையில் ஒரு கல்லூரி அரங்கில் நான்கு பையன்கள் ராக் வாசித்தார்கள்; கூட்டத்தில் நானும் இருந்தேன். கடைசிப் பாட்டில் கிட்டார் மட்டும் பதினோரு நிமிடம் தனியாக நின்றது. அதற்கு ஈடாக எந்த வெளிநாட்டு இசைத்தட்டிலும் நான் கேட்டதில்லை. எங்கள் இசைத்தட்டு வட்டத்தில் இதைச் சொன்னபோது, லண்டனிலிருந்து மாமா அனுப்பும் தட்டுகளையே கேட்கும் செயலாளர், "நம்ம பசங்களா? காப்பியடிச்சிருப்பாங்க" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

ஸ்டுடியோ தட்டில் எல்லாம் சரியாக இருக்கும். மேடைப் பதிவில்தான் தந்தி அறுவதும், எவனோ இருமுவதும் கேட்கும். அதற்காகவே துறைமுகத்தில் கப்பல்காரர்களிடம் கெஞ்சி டேப் வாங்குகிறவன் நான். இந்தப் பையன்களின் பதிவு மட்டும் யாரிடமும் இல்லை. அன்று மேடையோரம் சுழன்ற டேப் ரிக்கார்டர், மைக் செட் வாடகைக்கு விட்ட ஏகாம்பரத்தினுடையது, கடை திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில் என்று அவர்களின் டிரம்மர் அதற்கு முந்தைய மாதம்தான் சொன்னார். அவர் இப்போது வங்கியில் காசாளர். கிட்டார்க்காரர் எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கிருந்த ஒரே சாட்சி அந்த டேப்.

திருவள்ளூர், சென்னை சென்ட்ரலிலிருந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர். இறங்கி மணவாள நகருக்கு நடந்தே போய்விடலாம். ஏகாம்பரத்தின் கடையில் இப்போது உரமூட்டை விற்கிறார்கள். எதிர் டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஊட்டைக் காலி பண்ணிக்கினு கும்முடிப்பூண்டி போய்ட்டாரு சார். அங்க தெனம் ஒரு கம்பெனி தெறக்கறான், தெனம் ஒரு யூனியன் கேட் மீட்டிங்கு. இங்க இன்னா கீது? காதுகுத்துதான்."

இந்த வழியில் போகிறவர்கள் காலை நாஷ்டாவை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பிறகு பெரியபாளையம் போய் பஸ் மாற வேண்டும். ஆடி ஞாயிற்றுக்கிழமையில் அந்த வழியாகப் போவது மடத்தனம் என்பது பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றபோது புரிந்தது. உட்கார இடம் கேட்டேன். கண்டக்டர், "ஆடி ஞாயித்துக்கெழமை சீட்டு கேக்கறியே நைனா. அம்மன் மடிலதான் ஒக்காரணும்" என்றார். பெரியபாளையத்தில் வேப்பிலை உடுத்தியவர்கள் ஈரத்தோடு கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மரத்துக்கு மரம் ஒலிபெருக்கிக் குழாய். அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

கும்மிடிப்பூண்டியில் ஏகாம்பரத்தின் கடை ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருந்தது. சாயங்காலக் கூட்டத்துக்கு ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"அந்த முடி வளத்த பசங்களா? ஆம்ப்ளிபயரையே கொளுத்தப் பாத்தானுங்களே. டேப்பு பத்தரமா கீது சார்."

ஸ்பூலை மாட்டி, பாதிவரை ஓட்டிப் போட்டார். கைதட்டல் எழுந்தது, ஓர் அரங்கம் முழுவதுமான கைதட்டல். அது அடங்கியதும் அம்மன் தாலாட்டு தொடங்கியது.

"பாட்டு எங்கே?"

"பாட்டை வெச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது? டேப்பு விக்கற வெலைக்கு? அது மேல, முன்னாடி பின்னாடி எல்லாம், அம்மன் பாட்டை ஏத்திட்டேன். கைதட்டலை மட்டும் தொடலை. இந்த மாரி கைதட்டலு இந்த ஜில்லாலயே கெடையாது. மீட்டிங்ல நாப்பது பேருதான் நிப்பான். தலைவரு மூச்சு வாங்கற எடத்துல இதைப் போட்டா, ரோட்ல போறவன்லாம் இன்னாமோ ஏதோன்னு ஓடியாருவான்."

மறுபடி போடச் சொன்னேன். எல்லாக் கைகளும் ஓய்ந்த பிறகு ஒற்றை விசில் மட்டும் நீண்டுகொண்டிருந்தது.

"இவன் ஒரு பேஜாரு புடிச்சவன் சார். அல்லாரும் நிறுத்திட்டான், இவன் ஊதிக்கினே கீறான். இவனுக்காவவே டக்குனு சவுண்டைக் கொறைக்கணும்."

அந்தப் பேஜாரு பிடித்தவன் நான்தான். விலைக்குக் கேட்டுப் பார்த்தேன். "இது இல்லன்னா என்னை எவன் கூப்புடுவான்?" என்று ஸ்பூலைக் கழற்றித் துணியில் சுற்றினார். செயலாளரின் முகத்துக்கு எதிரே நீட்ட ஒன்றும் இல்லாமல் பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்தேன். ரயில் தாமதம். சாலைக்கு அப்பால் ஒலிபெருக்கியில் யாரோ போனஸைப் பற்றிப் பேசினார். கைதட்டல் எழுந்தது. ஏகாம்பரம் தொழிலில் சுத்தம். விசிலைச் சரியான இடத்தில் வெட்டினார்.

போகிறவர்களுக்கு: ஆடியைத் தவிருங்கள். திருவள்ளூர் வழியே சுற்றாமல், சென்ட்ரலிலிருந்து நேராகக் கும்மிடிப்பூண்டிக்கு ரயிலேறுங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். அங்கே ஏதாவது தொழிற்சாலை வாசலில், நிற்கிற ஆட்களுக்கு மிஞ்சிய கைதட்டல் கேட்டால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். அது பேசுகிறவருக்கு விழுந்தது அல்ல, பதினோரு நிமிடம் வாசித்த ஒரு பையனுக்கு விழுந்தது. கடைசியில் ஒரு விசில் பாதியில் நின்றுவிடும். ஊதியவன் அப்போது நிறுத்தவில்லை.