மண்ணூர்பேட்டையின் நீலத் திட்டு

இஃபத்துக்கு முதல் மேடை கிடைத்ததே ஒரு கல்யாண மண்டபத்தில்தான். அம்பத்தூரில் அறிவியல் மன்றம் ஒன்று ஆண்டுதோறும் பெண் ஆராய்ச்சியாளர்களை அழைத்து வந்து பள்ளிப் பிள்ளைகள் முன்னால் பேச வைக்கும். இந்த முறை அரங்கம் எதுவும் அமையாததால், முகூர்த்தம் இல்லாத ஒரு சனிக்கிழமை காலையில் மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிம்மாசனங்கள் இரண்டும் மேடையிலேயே கிடந்தன. அவற்றுக்கு நடுவில் நின்றுதான் இஃபத் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா ரோஷன் பேகம், மகளை அந்த மாதிரி மேடையில் வேறு கோலத்தில் பார்க்க நாலு வருடமாக ஆசைப்பட்டவர். கிடைத்தது இதுதான் என்று முந்தானையால் விசிறிக்கொண்டார்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இஃபத்தின் அத்தா நஜீர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பழுதான போர்வெல் மோட்டார்களைக் கொண்டுவந்து போடுவார்கள். ஒரு தெருவின் மோட்டாரில் காவி அப்பியிருக்கும், இன்னொரு தெருவினதில் சுண்ணாம்பு போல வெள்ளை படிந்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்த பெண், அதையே படிப்பாக்கிக்கொண்டாள். வேதியியலில் முதுகலை முடித்து, இப்போது முனைவர் பட்ட ஆய்வு. மண்ணூர்பேட்டையில் நூற்றிருபது வீடுகளின் போர் தண்ணீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். பாட்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மண்டையைப் பிளக்கும் வெயிலில் தெருத்தெருவாக நடந்தாள். ஒரு முறை நாய் கடித்தது. ஊசி போட்டுக்கொண்டு அடுத்த வாரமே அதே தெருவுக்குப் போனாள். அந்தப் பிடிவாதத்துக்கே ஒரு கும்பிடு போடலாம்.

மூன்று வருட உழைப்பு அன்று ஒரு வரைபடமாகத் திரையில் விழுந்தது. தண்ணீரில் இரும்பு அதிகமுள்ள வீடுகள் சிவப்பு, நல்ல தண்ணீர் வரும் வீடுகள் நீலம். சுற்றிலும் சிவப்பாக இருக்க, நடுவில் முப்பத்தாறு வீடுகள் மட்டும் ஒரு நீலத் திட்டாகத் தெரிந்தன. அங்கே பூமிக்கு அடியில் பழைய ஓடை ஒன்று போயிருக்கலாம் என்று ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயமே எழுதியிருந்தாள். அடுத்த மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். முதல் வரிசையில் அவளுடைய நெறியாளர் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பேச்சு முடிந்து, கேள்வி உண்டா என்று கேட்டாள். மண்ணூர்பேட்டைப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு கவிப்பிரியா எழுந்தாள்.

"மிஸ், எங்க ஊடு அந்த நீலத்துல கீது."

"அப்படியா? சந்தோஷம்."

"ஆனா எங்க போர் தண்ணி மஞ்சளா வருது மிஸ். ஸ்கூல் சட்டய அதுல தோச்சா காவியாயிடும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். இஃபத்தும் சிரித்தாள். "பாட்டில்ல குடுத்த தண்ணி நல்லாத்தானேம்மா இருந்துது?"

"அது கேன் தண்ணி மிஸ். எங்கம்மாதான் ஊத்திக் குடுத்துச்சு. ஊடு தேடி வந்து ஒரு பொண்ணு தண்ணி கேக்குது, அதுக்குப் போயி இந்தத் தண்ணிய எப்டிக் குடுக்கறதுன்னு சொல்லுச்சு."

இஃபத்துக்குச் சிரிப்பு நின்றுபோனது. மற்ற தெருக்களில் மோட்டார் சுவிட்ச் வெளியிலேயே இருக்கும், அந்த நடுத் திட்டு வீடுகளில் வீட்டுக்குள்ளே எங்கோ இருக்கும். "கொஞ்சம் தண்ணி வேணும்கா, டெஸ்ட் பண்ண" என்று இவள் கேட்பாள். "வெயில்ல நிக்காதம்மா, நான் புட்ச்சாறேன்" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டு அவர்கள் உள்ளே போவார்கள். முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழையக் கூச்சப்பட்டு இவள் வாசலிலேயே நிற்பாள். மோட்டார் கடைக்காரர் மகள், மோட்டார் ஓடும் சத்தம் கேட்டதா என்றுகூடக் கவனிக்கவில்லை!

மழுப்ப வழி இல்லாமல் இல்லை. 'உங்க வீட்ல அப்படி நடந்திருக்கலாம், நல்ல கேள்வி, உட்காரும்மா' என்றால் போதும். பெரிய பெரிய ஆட்களெல்லாம் மேடையில் அதைத்தானே செய்கிறார்கள்? எல்லோரும் கை தட்டியிருப்பார்கள், அடுத்த மாதம் ஆய்வேடும் போயிருக்கும். முதல் வரிசையில் நெறியாளர் தலையாட்டுவதை நிறுத்தியிருந்தார்.

இஃபத் மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நீலத்துல வீடு இருக்கிறவங்க எல்லாரும் கையத் தூக்குங்க. போர் தண்ணி மஞ்சளா வராதவங்க மட்டும் இறக்கிடுங்க."

பதினோரு கைகள் எழுந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

"அப்போ நான் போட்ட படம் தப்பு" என்றாள். "அந்த நீலம் உங்க பூமியோட குணம் இல்ல. உங்க அம்மாங்களோட குணம். அதத்தான் நான் மூணு வருஷமா அளந்திருக்கேன்."

அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் யாரும் எழுந்திருக்கவில்லை. தப்பு எங்கே நுழைந்தது, இனி நுழையாமல் இருக்க என்ன செய்யலாம், மோட்டாரை எவ்வளவு நேரம் ஓடவிட்ட பிறகு தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கக் கேட்க, அவள் சொல்லச் சொல்ல, பிஸ்கட் பாக்கெட்டுகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. பழுதான மோட்டாரை அவள் அத்தா பிரித்துப் போடுவதைப் போல, தன் தப்பைத் தானே அத்தனை பேர் முன்னால் பிரித்துப் போட்டாள். அந்தத் துணிச்சலுக்கு எத்தனை கைதட்டினாலும் தகும்.

பலன் கசப்பாகத்தான் இருந்தது. நெறியாளர் மறுநாள் கண்டபடி திட்டிவிட்டு, அதற்கடுத்த நாள் கால நீட்டிப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். நீலத் திட்டு அத்தியாயம் குப்பைக்குப் போனது. "ஊரக் கூட்டி வச்சு நீயே சொல்லிக்கணுமா?" என்று ரோஷன் பேகம் ஒரு வாரம் புலம்பினார். நஜீர் மட்டும், "மண்ணூர்பேட்ட மோட்டார் எவ்ளோ பிரிச்சிருக்கேன், எல்லாமே காவி. என்னை ஒரு வார்த்த கேட்டியாம்மா?" என்றார்.

முப்பத்தாறு வீடுகளிலும் மறுபடி ஏறி இறங்கினாள். கவிப்பிரியாவின் வீட்டு வாசலில் அவள் அம்மா வேம்புலியம்மாள், இஃபத்தைப் பார்த்ததும் கண்கலங்கிவிட்டார்.

"என்னாலதான் உன் படிப்பு நின்னு பூட்ச்சாமே கண்ணு? நல்லது பண்றேன்னு நெனச்சுகினு இப்டிப் பண்ட்டேனே!"

"நிக்கலக்கா, கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான். சுவிட்ச் எங்க இருக்கு?"

இந்த முறை கூச்சப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். தானே மோட்டாரைப் போட்டாள். கவிப்பிரியா கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் ஆனதைச் சொல்ல, தன் கையாலேயே பாட்டிலில் பிடித்தாள். மஞ்சள் தண்ணீர்தான். வேம்புலியம்மாள் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூடியை இறுக்கி, வீட்டு எண்ணை எழுதிக்கொண்டு இஃபத் கிளம்பினாள்.

"இரு கண்ணு" என்று வேம்புலியம்மாள் உள்ளே ஓடினார். கேனைச் சாய்த்து ஒரு சொம்பு நிறையப் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார்.

"அது உன் பாட்டிலுக்கு. இது உனக்கு."

இஃபத் சொம்பை வாங்கி, அந்த வாசலிலேயே நின்று கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.