ஆழ்துளையில் விழுந்த கிணறு

கோவில்பதாகையில் அப்பா விட்டுப்போன மனையை அண்ணனும் நானும் பிரித்துக்கொண்டபோது, உறைக்கிணறு என் பக்கம் வந்தது. தங்கைக்குப் போய்விட்டதே என்று அவனுக்கு வயிற்றெரிச்சல். எனக்கோ அதை விட்டால் தண்ணீருக்கு வேறு வழியில்லை. மேல் மணலில் இறங்கும் மழைநீரை அடியிலிருந்த களிமண் அடுக்கு தட்டு மாதிரி தாங்கிப் பிடித்திருந்ததால், கோடையிலும் கிணறு கைவிட்டதில்லை.

போன வருஷம் அண்ணன் எங்கள் நடுமதிலை ஒட்டித் தன் பக்கத்தில் ஆழ்துளை போர் போட்டான். களிமண்ணைத் துளைத்து, அதற்கும் கீழே இருக்கும் மணல்வரை இறக்கினான். அதுவரை சரி. மேல் பகுதிக்காவது ஓட்டையில்லாத குழாய் போட்டிருக்கலாம். "மேலயும் ஓட்டை பைப்பே போடுப்பா. மேல் தண்ணி, கீழ் தண்ணி ரெண்டும் வரட்டும்" என்று போர்க்காரரிடம் அவன் சொன்னதை நானே கேட்டேன். அதன் அர்த்தம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வேலை முடிந்ததும் குழாய்க்குள் சலசலவென்று சத்தம். "இன்னாமே, காதை வெச்சுக் கேளு. ஊத்து கொட்டிகினு கீது!" என்றான். அண்ணி கற்பூரம் காட்டினாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. கொட்டியது ஊற்றில்லை, என் கிணறு. கீழ் மணல் அடுக்கை ஊரே உறிஞ்சி வெறுமையாக்கி வைத்திருந்தது. மேல் தண்ணீர் அவன் குழாய் வழியாக அங்கே விழுந்துகொண்டிருந்தது.

சித்திரைக்குள் கிணற்றில் சேறு தெரிந்தது. அவனிடம் போய்ச் சொன்னேன். "பூமிக்குள்ள இன்னா பாகம் பிரிச்சா கீது?" என்று சிரித்தான். கூடப் பிறந்தவனின் அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

விழுந்த தண்ணீராவது அவனுக்குத் தங்கியதா? அதையும் பக்கத்து அடுக்குமாடிகளின் மோட்டார்கள் இழுத்துக்கொண்டன. ஆடியில் அவன் மோட்டார் வெறும் காற்றைத் துப்பியது. தண்ணீர் லாரி வந்தால் அவன் குடமும் என் குடமும் ஒரே வரிசையில் நின்றன. நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் விடாமல் மழை. ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். அதே சேறு. மதிலுக்கு அந்தப் பக்கம் குழாய்க்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. வெட்கத்தை விட்டு நானே கூப்பிட்டேன்.

"அண்ணா, அதை மூடிடு. விழறதெல்லாம் என் கிணத்துத் தண்ணி."

"மூடறதா? இன்னாமே பேசற, ஊத்து திரும்பி வந்துகினு கீது" என்றவன், கற்பூரம் எடுத்து வரச் சொல்லி அண்ணிக்குக் குரல் கொடுத்தான்.