நேர்காணலுக்கு எடுத்துப்போன டைரி

நான் வேலை செய்த தொழிற்சாலை மூடி நான்கு மாதமாகியிருந்தது. வீட்டில் வேறு சம்பளம் இல்லை. கெர்லிங் ஊர்ப் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவுக்கு நேர்காணல் என்றதும் மூன்று நாள் தயார் செய்தேன். பதினோரு ஆண்டுகளில் ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை என்பதற்குச் சாட்சியாக, வேலைக்குப் போன நேரத்தைத் தினமும் குறித்த என் டைரியையும் எடுத்துப்போனேன்.

ஆறு பேரை ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். சூப்பர்வைசருக்கு என் மகனாக இருக்கக்கூடிய வயதுதான். டைரியைப் புரட்டியவர் நேரத்துக்குக் கீழே நான் எழுதியிருந்ததை உரக்கப் படித்தார்:

“முழங்கால் வீக்கம். கழிவறையில் பத்து நிமிடம் அழுதேன்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“நேரத்தைப் பாருங்க தம்பி, எல்லாம் சரியா இருக்கும்,” என்றேன்.

“ஆமாக்கா, அழுத நேரம்கூட சரியா இருக்கு. இங்க பன்னெண்டு மணி நேரம் நிக்கணும் லா. நீங்க கிளினிக்குக்குப் போங்க. அடுத்த ஆளு!”

அடுத்தவள் பக்கத்து வீட்டு மேரி. தினமும் என் தைலத்தை வாங்கித்தான் முழங்காலில் தடவுவாள்.

“எனக்கு ஒரு வலியும் இல்ல சார்,” என்றாள். வேலை அவளுக்குக் கிடைத்தது.

அப்புறம் எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. இப்போது வேலை நேரத்தை ஒரு நோட்டிலும் வலியை வேறொரு நோட்டிலும் எழுதுகிறேன். இரண்டாவது நோட்டு வீட்டைவிட்டு வெளியே போவதில்லை.