பூஜை போட்ட இழுவை வண்டி

என் வீட்டுக்காரர் ஆனந்தகுமாருக்கு வண்டி என்றால் உயிர். எங்கள் ஊர் எலப்புள்ளியில் டிராக்டரைத் தேய்த்துக் கழுவியதில் பாதி அக்கறையோடு கூட அவர் பெற்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டியதில்லை. அந்தக் கைத்திறமையை நம்பித்தான் வெளிநாடு போனார். ஒரு பாலைவன நாட்டு ராணுவ விமானத்தளத்தில் இழுவை வண்டி ஓட்டும் வேலை. பகலில் திறந்த வெளியில் நிற்கும் விமானங்களைப் பொழுது சாய்ந்ததும் இழுத்துப்போய் கான்கிரீட் கொட்டகைகளுக்குள் விட வேண்டும். எதிரி எப்போது வேண்டுமானாலும் ட்ரோன் அனுப்பலாம் என்பதால் இந்த ஏற்பாடு. லீவில் வரும்போது யாராவது கேட்டால், "ப்ளேன் இழுக்கறேனுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்.

அங்கே ஷிஃப்ட் பொறுப்பாளராக இருந்தவன் லோகேஷ். மூணாறுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ராமுத்தாயின் ஒரே மகன், இருபத்தாறு வயது. பதவியில் இவருக்கு மேல். ஆனாலும் இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அதிகாரம் பண்ண அவனுக்குத் தெரியவில்லை. பண்ணியிருந்தால் பிழைத்திருப்பான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜை. எங்கள் பக்கத்தில், பூஜைக்கு வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும் வரை யாரும் தொடமாட்டார்கள். பிள்ளைகளின் புத்தகத்துக்கும் அதே சட்டம்தான். அன்று சாயங்காலம் இவர் வீடியோ காலில் கூப்பிட்டு இழுவை வண்டியைக் காட்டினார். சந்தனம், குங்குமம், காகிதப் பூமாலை என்று கல்யாணக் கோலத்தில் நின்றது.

"ஏனுங்க, காத்தால பூஜை எடுக்கற வரைக்கும் வண்டியத் தொட்டுப்போடாதீங்க" என்றேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அப்போது வெளியே நான்கு சரக்கு விமானங்கள் நின்றிருக்கின்றன. அவற்றை இழுக்க அந்த ஷிஃப்டில் இருந்தது இந்த ஒரு வண்டிதான். லோகேஷ் வந்து, "நாலையும் உள்ள விட்டுருவோம்ண்ணே. எங்க எஸ்டேட்டுல எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டு அப்பவே வண்டிய எடுத்துருவாங்க" என்றிருக்கிறான். இவர் மாட்டேன் என்றார். சற்று நேரம் கழித்து மறுபடியும் வந்து கேட்டான். "ஒரு ராத்திரிதான தம்பி, விடிஞ்சதும் மொத வேலையா இழுத்துப்போடறேன்" என்று சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மேலிடத்தில் சொன்னால் அண்ணனுக்கு வேலை போய்விடும் என்று லோகேஷ் யாரிடமும் போகவில்லை. விமானங்களை அப்படியே விட்டுப் போகவும் மனம் வராமல் அவற்றின் பக்கத்திலேயே காவல் இருந்தான்.

விடிகிற நேரத்தில் ட்ரோன்கள் வந்தன. நான்கு விமானங்களும் நின்ற இடத்திலேயே எரிந்து போயின. லோகேஷும் போய்விட்டான். தூரத்தில் நின்ற இழுவை வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

விசாரணை நடந்தது. விமானங்களை உள்ளே விடச் சொல்ல வேண்டிய பொறுப்பாளர் சொல்லத் தவறிவிட்டார் என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் அந்த ஊர் ஜெயிலிலேயே கிடக்க வேண்டுமே என்று பயந்து இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் செத்தவன் தலையில் பழியைப் போட்டுவிட்டு ஊருக்கு வந்து நிம்மதியாகச் சோறு தின்னலாம் என்று நினைத்தாரே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

தின்னவும் முடியவில்லை. டிராக்டர் பக்கமே போகாமல் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். போன மாதம்தான் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த விசாரணைக் காகிதத்தின் நகல் ராமுத்தாய்க்கும் போனது என்றதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் சொன்ன சொல்லும் இதில் இருக்கிறது. "கெளம்புங்க" என்றேன். உடுமலை போய், மறையூர் வழியாக மலையேறினோம்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ராமுத்தாய் எஸ்டேட்காரர்கள் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில்தான் இருந்தார். மகனோடு வேலை பார்த்தவர் என்றதும் பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். நான் போனில் சொன்னதை நானே சொன்னேன். அந்த அம்மா அழவில்லை.

"உள்ள விட்டுருவோம்னு எம்மகன் சொன்னானாய்யா?"

"சொன்னானுங்கம்மா. ரெண்டு தடவ சொன்னான்."

"அப்ப வாங்க. அத எங்கிட்ட மட்டும் சொன்னா போதுமா?"

அந்த லைனில் அவர் வீடு தவிரப் பன்னிரண்டு வீடுகள். அந்தக் காகிதம் வந்ததிலிருந்து, வேலை நேரத்தில் தூங்கி நாலு ப்ளேனை அழித்தவன் என்று அவனைப் பேசிய ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இவரை நிறுத்தினார். "நான்தான் வண்டிய எடுக்கமாட்டேன்னு சொன்னனுங்க. லோகேஷ் மேல தப்பில்லீங்க" என்று பன்னிரண்டு முறை சொன்னார். எட்டாவது வீட்டில் ஒருவர் சட்டையைப் பிடித்தார். ராமுத்தாய்தான் கையை விலக்கிவிட்டு அடுத்த வாசலுக்கு நடந்தார்.

கிளம்பும்போது அவர் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"ஊர்க்காரங்க பேசுனாங்க, இப்ப தெரிஞ்சுக்கிட்டாங்க. ரெண்டு வருசமா காலையில எந்திரிச்சதும் அவன் போட்டாவப் பாத்து, வேலைய ஒழுங்காப் பாக்காம செத்துட்டியேடான்னு நானும் ஏசிக்கிட்டுல்ல இருந்தேன். நான் எந்த வாசல்ல போய் நிக்கட்டும் தாயி?"